நம் வீட்டு முதுகு: குடும்ப வரலாற்றை ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோவது எப்படி

எங்கள் அப்பா எங்கே நின்றாலும் சற்று முன்னால் குனிந்து, எதன் மேலாவது கையை ஊன்றிக்கொண்டுதான் நிற்பார். சுவர், நாற்காலி, சைக்கிளின் ஹேண்டில்பார், எதுவும் கிடைக்காவிட்டால் தன் முழங்கால். சைக்கிளில் ஐந்து கிலோமீட்டர் சுலபமாகப் போய்விடுவார். அரை கிலோமீட்டர் நடக்க முடியாது. அத்தைக்கும் அப்படித்தான். மேட்டில் ஏறும்போது எங்களுக்கு முன்னால் போவார், இறங்கும்போது இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்துவிடுவார். "நம்ம வீட்டு முதுகு அப்படி" என்று சொல்வோம். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு 41 வயதில் வலது கால் பெருவிரலைத் தூக்க முடியாமல் போனது. நான் கட்டட வரைபடம் வரைபவள். நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை, அதனால் வந்த வலி என்றுதான் நானும் நினைத்தேன். எம்ஆர்ஐ அறிக்கையில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக இருந்தது. அதற்குக் கீழே, யாரும் எனக்கு வாசித்துக் காட்டாத ஒரு வரி: எல்2 முதல் எல்5 வரை (கீழ் முதுகின் இரண்டாவது முள்ளெலும்பு முதல் ஐந்தாவது வரை) தண்டுவடக் கால்வாயின், அதாவது முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் குழாயின், முன்பின் அகலம் 10, 11 மில்லிமீட்டர். மில்லிமீட்டர் கணக்கிலேயே பிழைப்பு நடத்தும் எனக்கு அந்த வரி கண்ணில் குத்தியது. பெரும்பாலானவர்களுக்கு அந்த அகலம் 15 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். 12க்குக் கீழே போனால் குறுகல், 10க்குக் கீழே போனால் நெருக்கடி என்று பொதுவாகச் சொல்வார்கள். டிஸ்க் பிதுங்கியது சிறிதளவுதான். அது பிதுங்கி நுழைந்த அறைதான் பிறவியிலேயே சின்னது. அப்பா ஏன் குனிந்து நின்றார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. முன்னால் குனிந்தால் அந்தக் கால்வாய் கொஞ்சம் விரியும்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். சித்தப்பா மகனுக்கு 24 வயதில் முதுகு வலி தொடங்கியது. அவனும் இந்த வீட்டுப் பிள்ளைதானே, அவனுக்கும் அதே முதுகு என்று நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து முடிவுசெய்தோம். ஓய்வெடு, குனியாதே, பளு தூக்காதே என்று அறிவுரை சொன்னோம். ஏழு வருடம் அவன் படுத்துப் படுத்தே மோசமானான். அவனுக்கு இருந்தது டிஸ்க்கும் அல்ல, குறுகிய கால்வாயும் அல்ல. முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி நோய். அதற்கு ஓய்வே பகை. அந்த நோய் எங்கள் வீட்டிலிருந்து வரவும் இல்லை. சித்தியின் அண்ணன் ஒருவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்ப்பாராம். அதைப் பற்றி யாரும் சித்தியிடம் கேட்டதே இல்லை.

பரம்பரை என்று சொல்வது தவறில்லை. ஆனால் எது பரம்பரை என்று கேட்காமல் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது பெரிய இழப்பு. அதைக் கேட்டு எழுதும் வேலையை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். இரண்டு மூன்று மாலைப் பொழுதும் சில தொலைபேசி அழைப்புகளும் போதும். முடிவில் கையில் இருக்க வேண்டியது ஒரே ஒரு தாள்.

உள்ளே நடப்பது

முதலில் கொஞ்சம் அடிப்படை தெரிந்தால் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பது தானாக வரும். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கில் உள்ளே ஜெல் போன்ற மையம், வெளியே அடுக்கடுக்கான நார் வளையம். அந்த மையம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறால். நாரெல்லாம் கொலாஜன் என்ற புரதம். பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டு வழியாக ஊறி வரும் சத்தை வைத்துத்தான் அது வாழ்கிறது. எனவே தேய்ந்தால் எளிதில் சரியாகாது. அதன் பின்னால் தண்டுவடக் கால்வாய். பக்கவாட்டில் நரம்பு வேர் வெளியே போகும் துளை. இடம் குறைந்தால் நரம்பு நசுங்கும். அவ்வளவுதான் கணக்கு.

மரபணு இந்தக் கணக்கில் பல இடங்களில் கை வைக்கிறது. டிஸ்க் கட்டப்படும் பொருளின் தரம் ஒன்று. ஒன்பதாம் வகைக் கொலாஜனை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதை, சயாட்டிகா (முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) வந்த ஃபின்லாந்து நோயாளிகள் சிலரிடம் 1999இல் கண்டுபிடித்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆரோக்கியமானவர்களிடம் அது இல்லை. அக்ரிகான், வைட்டமின் டி ஏற்பி, குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகள் ஆகியவற்றின் மரபணுக்களிலும் இப்படிச் சிறுசிறு வேறுபாடுகள் பேசப்படுகின்றன. இன்னொன்று எலும்பின் வடிவம். முள்ளெலும்பின் பின்பக்கத் தூண்கள் குட்டையாக இருந்தால் கால்வாய் குறுகும், எங்கள் வீட்டைப் போல. மூன்றாவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்கும் தன்மை. நான்காவது ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை: நரம்பே சிறிய அழுத்தத்தையும் தாங்காத வகையில் அமைந்திருப்பது. இந்த நான்கும் வெவ்வேறு கதைகள், வெவ்வேறு வைத்தியங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாமே "முதுகு வலி".

பரம்பரையின் பங்கு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 1995இல் வந்த இரட்டையர் ஆய்வைத்தான். ஃபின்லாந்தில் ஒரே கருவில் உருவான 115 ஜோடி ஆண்களின் முதுகை எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். ஒருவர் பளு தூக்கும் வேலை, மற்றவர் நாற்காலி வேலை என்றிருந்த ஜோடிகளும் அதில் உண்டு. கீழ் முதுகின் மேற்பகுதி டிஸ்க்குகளில் ஆளுக்கு ஆள் இருந்த தேய்மான வேறுபாட்டில், வேலைப் பளு விளக்கியது 7 சதவீதம். வயதையும் சேர்த்தால் 16. குடும்ப ஒற்றுமையையும் சேர்த்தபோது 77 ஆனது. ஆனால் பெரும்பாலான டிஸ்க் விலகல்கள் நடக்கும் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் அதே கணக்கு 2, 9, 43 சதவீதம் என்று நின்றது. குடும்ப ஒற்றுமை என்பதில் மரபணுவும் உண்டு, ஒரே வீட்டில் வளர்ந்த சின்ன வயதும் உண்டு.

இதில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியம். வேலையால்தான் வந்தது என்று நம்மை நாமே குற்றம் சொல்லிக்கொள்வதற்கு இடம் குறைவு. அடுத்தது, இவை ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் ஏன் வித்தியாசம் என்பதற்கான கணக்கு. என் முதுகில் 77 சதவீதம் அப்பாவுடையது என்று இதற்குப் பொருள் அல்ல. கால்வாய்க் குறுக்கத்திலும் மரபின் பங்கு பெரிது என்று அதே நாட்டு இரட்டையர்களை வைத்து 2014இல் வந்த ஆய்வு சொன்னது. அதைப் படித்த அன்று அத்தைக்கு ஃபோன் செய்தேன்.

யாரிடம் கேட்பது

மூன்று தலைமுறை. உங்கள் தலைமுறை, அப்பா அம்மா தலைமுறை, தாத்தா பாட்டி தலைமுறை. பிள்ளைகள் இருந்தால் அவர்களும். இரண்டு பக்கமும் கட்டாயம் கேட்க வேண்டும். நாங்கள் செய்த தவறே இதுதான். ஒரு பக்கத்தில் முதுகு பிரபலமாக இருந்தால் மறு பக்கத்தை யாரும் விசாரிப்பதில்லை.

"உங்களுக்கு முதுகு வலி உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் உண்டு என்பார்கள். அதிலிருந்து எதுவும் தெரியாது. படமெடுத்துப் பார்ப்பதும் அதே கதைதான். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது, 80 வயதில் 96 சதவீதம். எனவே அறிக்கையில் தேய்மானம் என்று இருப்பதையெல்லாம் குடும்ப நோய் என்று எழுதிவைத்தால் தாள் குப்பையாகிவிடும்.

நான் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி. முதலில் வயது: எத்தனை வயதில் தொடங்கியது? 30க்கு முன் என்றால் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். 21 வயதுக்குள் டிஸ்க் விலகியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், குடும்பத்தில் டிஸ்க் வரலாறு உள்ளவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கணக்கிட்டார்கள். இளவயதில் வருவதற்கு எடை அதிகம்.

அடுத்து, நடை. எவ்வளவு தூரம் நடந்தால் உட்காரத் தோன்றும்? உட்கார்ந்ததும் எத்தனை நிமிடத்தில் கால் தெளியும்? நின்றால் போதுமா, உட்கார்ந்தால்தான் தெளியுமா? நின்றாலே தெளிந்தால் அது காலின் ரத்தக் குழாய்ப் பிரச்சினையாக இருக்கலாம். உட்கார்ந்தால் அல்லது குனிந்தால்தான் தெளியும் என்றால் கால்வாய்க் குறுக்கத்தை நினைக்க வேண்டும். மேடு சுலபம், இறக்கம் கஷ்டம், சைக்கிள் பரவாயில்லை, நடைதான் முடியாது என்று யாராவது சொன்னால் அந்த வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். எங்கள் அத்தையின் வார்த்தைகளைத்தான் என் மருத்துவர் இரண்டு முறை வாசித்தார்.

அப்புறம் காலை. எழுந்தவுடன் விறைப்பு உண்டா, எவ்வளவு நேரம்? அரை மணிக்கு மேல் இருக்கிறதா? பின்னிரவில் வலியால் விழிப்பு வந்து, எழுந்து நடந்தால் நன்றாகிறதா? இதுதான் நாங்கள் தம்பியிடம் கேட்காமல் விட்ட கேள்வி. "விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து ஹாலில் நடப்பேன் அக்கா, நடந்தா சரியாகிடும்" என்று ஏழாவது வருடம்தான் என்னிடம் சொன்னான். டிஸ்க் வலிக்காரர் பெரும்பாலும் வேலை செய்தால் மோசமாகி, படுத்தால் தேறுவார். அழற்சி வலி நேர்மாறு. அசைந்தால் குறையும், படுத்தால் கூடும். 40 வயதுக்குள் மெதுவாகத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இப்படிப்பட்ட வலியை மூட்டு நோய் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கூடவே, கண் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனதுண்டா, குதிகால் வலி உண்டா, சொரியாசிஸ் உண்டா, குடல் அழற்சி உண்டா என்றும் கேளுங்கள். முதுகைப் பற்றிப் பேசும்போது கண்ணைப் பற்றி யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். தம்பிக்கு இரண்டு முறை கண் சிவந்து மருந்து போட்டிருக்கிறார்கள். கண்ணுக்கும் முதுகுக்கும் நடுவே யாரும் கோடு இழுக்கவில்லை.

காலில் எந்த இடம் என்பதும் வேண்டும். "கால் மரத்துப்போச்சு" என்றால் எங்கே என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். பெருவிரலைத் தூக்க முடியாமை, பாதத்தின் மேல்புற மரமரப்பு எல்5 நரம்பு வேரைக் காட்டும். நுனிக்காலில் நிற்க முடியாமை, சுண்டுவிரல் பக்க மரமரப்பு அதற்கு அடுத்த வேரான எஸ்1. எந்த வேர் என்று முடிவுசெய்வது உங்கள் வேலை அல்ல. ஆனால் எந்தக் கால், எந்த விரல் என்று எழுதியிருந்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

கால் தொங்கிப்போகும் நிகழ்வு குடும்பத்தில் பலருக்கு இருந்தால் இன்னும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த பிறகு பாதம் தொங்கியதா? முழங்கையை மேசையில் ஊன்றிய பிறகு கை மரத்து நாள்கணக்கில் நீடித்ததா? நான் முன்பு சொன்ன நான்காவது கதை இதுதான். நரம்பின் உறையைக் கட்டும் பிஎம்பி22 என்ற மரபணுவின் ஒரு பிரதி இல்லாமல் போனால், சாதாரண அழுத்தமே நரம்பைச் செயலிழக்கச் செய்யும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இவர்களின் முதுகை ஸ்கேன் செய்தால் பல நேரம் ஏதோ ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கும், வயதுக்கு அது இயல்பு. அதை நம்பி அறுவை சிகிச்சைக்குப் போய்விடும் அபாயம் இருக்கிறது. நரம்புக் கடத்தல் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் உண்மையைச் சொல்லிவிடும்.

மறைந்தவர்களைப் பற்றி எப்படிக் கேட்பது? கூட வாழ்ந்தவர்களிடம். பழைய புகைப்படங்கள் பெரிய சாட்சி. திருமணப் படம், பத்து வருடம் கழித்து எடுத்த படம், கடைசிப் படம் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்த வயதில் உடம்பு குனிந்தது, கைத்தடி எப்போது வந்தது, உயரம் குறைந்ததா என்று தெரியும். குனிந்த முதுகெல்லாம் ஒன்றல்ல. 60க்கு மேல் உயரம் குறைந்து மேல்முதுகு கூனியிருந்தால் எலும்பு மெலிந்து முள்ளெலும்பு நொறுங்கியிருக்கலாம். அதுவும் குடும்பத்தில் வரக்கூடியதுதான். பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். பதின்பருவத்திலேயே கூன் விழுந்திருந்தால் அது வேறு நோய். இளைஞனாக இருந்தபோதே கழுத்தும் முதுகும் பலகைபோல் இறுகியிருந்தால் தம்பியின் மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதுகுக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் சில அடையாளங்களையும் கேட்டு வையுங்கள். தோலில் ஆறோ அதற்கு மேலோ காப்பி நிறத் திட்டுகளும் மெத்தென்ற கட்டிகளும் இருந்தால் நரம்பிலேயே கட்டி வளரும் நியூரோஃபைப்ரோமாடோசிஸ் என்ற நோயாக இருக்கலாம். மிக நெடிய உடல்வாகு, நீளமான கை விரல்கள், கண் லென்ஸ் விலகல், குடும்பத்தில் இதயப் பெருந்தமனி வெடித்த மரணம் ஆகியவை சேர்ந்தால் மார்ஃபன் என்ற இணைப்புத்திசு நோயாக இருக்கலாம். இதில் தண்டுவட உறையே பலூன்போல் விரியும். கை கால் எலும்பு குட்டையாக இருக்கும் அகோண்ட்ரோபிளேசியாவில் கால்வாய் கீழே போகப் போகக் குறுகும். வைத்த சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியாவில் டிஸ்க்குகள் இளவயதிலேயே சுண்ணாம்பு படிந்து சுருங்கும். இவை அரிதானவை. உங்கள் வீட்டில் இருக்க வாய்ப்பு குறைவு. கேட்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும் என்பதால் நான் விடுவதில்லை.

தாளில் வரைவது

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மறைந்தவர் மேல் ஒரு சாய்கோடு. தம்பதியை ஒரு கிடைக்கோடு இணைக்கும். சொந்தத்துக்குள் திருமணம் என்றால் இரட்டைக் கோடு. அல்காப்டோனூரியா போன்று இரு பக்கத்திலிருந்தும் வர வேண்டிய நோய்களுக்கு அந்த இரட்டைக் கோடு முக்கியம். உங்களுக்கு ஓர் அம்புக்குறி. உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் குறிகள் இவை, யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்டவர்களின் குறியை நிரப்புவார்கள். இங்கே நான் ஒரு மாற்றம் செய்தேன். ஒரே கறுப்பால் நிரப்பாமல் நான்கு விதமான கோடுகள்: நடந்தால் கால் வலி என்பதற்கு நேர்க்கோடுகள், காலைவிறைப்புக்குப் புள்ளிகள், திடீர் டிஸ்க் விலகலுக்குச் சாய்கோடுகள், கூன் மற்றும் எலும்பு முறிவுக்குக் குறுக்குக்கோடுகள். முதல் தடவை எல்லாவற்றையும் கறுப்பாக நிரப்பி வரைந்தேன். பார்த்தால் எங்கள் குடும்பம் முழுக்க ஒரே நோய் போலத் தெரிந்தது. பிரித்து வரைந்ததும் அப்பா பக்கம் நேர்க்கோடுகள் வரிசையாக நின்றன. புள்ளிகள் தம்பியிடமும் சித்தியின் அண்ணனிடமும் மட்டும். ஏழு வருடம் பேசியும் தெரியாதது ஒரு தாளில் ஒரு மாலையில் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒவ்வொரு குறிக்கும் கீழே மூன்றே விஷயம்: தொடங்கிய வயது, அவர் சொன்ன ஒரு வாக்கியம், அறுவை சிகிச்சையோ ஸ்கேனோ நடந்திருந்தால் அதன் வருடம். உதாரணமாக அத்தைக்கு நான் எழுதியது: "48 வயது முதல். 'இறக்கத்துலதான் கால் வெந்துபோகும்.' ஸ்கேன் இல்லை." அவ்வளவு போதும். நோயின் பெயரை எழுதாதீர்கள், மருத்துவ அறிக்கையில் இருந்தாலொழிய. குடும்பத்தில் "டிஸ்க்" என்று சொன்னால் அது எதுவாகவும் இருக்கலாம்.

பழைய ஸ்கேன்கள் கிடைத்தால் அறிக்கைத் தாளை மட்டும் வாங்காமல் படத்தையும் கேட்டு வாங்குங்கள். கால்வாயின் அளவு பல அறிக்கைகளில் எழுதப்பட்டிருக்காது. படம் இருந்தால் அளந்து கொள்ளலாம். அப்பாவின் பழைய படம் பரண்மேல் சுருண்டு கிடந்தது. என் மருத்துவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, என் படத்தோடு வைத்துப் பார்த்தார். ஒரே இடத்தில் ஒரே குறுகல்.

மருத்துவரிடம்

தாளை முதலில் நீட்ட வேண்டாம். உங்கள் தொந்தரவைச் சொல்லுங்கள், அவர் பரிசோதிக்கட்டும். பிறகு "குடும்பத்தில் இப்படி இருக்கிறது, என் வலியைப் பார்க்கும் விதம் இதனால் மாறுமா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் வரலாம்.

மாறாது என்பார். பெரும்பாலும் இதுதான். சாதாரண டிஸ்க் தேய்மானத்துக்கும் டிஸ்க் விலகலுக்கும் மரபணுப் பரிசோதனை செய்து பயன் இல்லை. ஏராளமான மரபணுக்கள் ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேர்ந்து வருவது அது. எந்தத் துளி உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தாலும் வைத்தியம் மாறாது. யாராவது முதுகுக்கென்று மரபணுப் பரிசோதனை விற்றால் வாங்காதீர்கள். டிஸ்க் விலகி வரும் கால்வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் தணியும். பிதுங்கிய பகுதியை உடம்பே பல நேரம் கரைத்துவிடும். குடும்பத்தில் நான்கு பேருக்கு இருந்தாலும் இது பொருந்தும். அப்பாவுக்கு வருடக்கணக்கில் இருந்தது என்பதால் எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். என் பெருவிரலை மூன்று மாதத்தில் மீண்டும் தூக்க முடிந்தது.

கவனிப்பு மாறும் என்பார். குறுகிய கால்வாய் இதில் வரும். எனக்கு அவர் சொன்னது: நடையை விட சைக்கிள், முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சிகள் வேண்டாம், வயிற்றுத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் பயிற்சி, எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது, கால் பலவீனமானால் தள்ளிப்போடாமல் வருவது. இடம் ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்குச் சின்னப் பிதுங்கலும் பெரிய தொந்தரவு தரும் என்பதால் எச்சரிக்கை கொஞ்சம் சீக்கிரமே வேண்டும்.

நோயே வேறு என்பார். தம்பிக்கு நடந்தது. அவனுடைய தாளை எடுத்துக்கொண்டு நானே உடன் போனேன். மூட்டு நோய் மருத்துவர் இடுப்புக்குப் பின்னால் உள்ள சாக்ரோஇலியாக் மூட்டை எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். அதுவரை எடுத்ததெல்லாம் கீழ்முதுகுப் படம், அதில் இந்த மூட்டு சரியாகத் தெரிவதில்லை. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வருடங்கள் ஆகலாம். எச்எல்ஏ-பி27 என்ற மரபணு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள், இருந்தது. இந்த மரபணுவுக்கும் தம்பிக்கு வந்த முதுகெலும்பு அழற்சி நோயான அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸுக்கும் உள்ள தொடர்பு 1973லேயே கண்டறியப்பட்டது. ஆனால் பி27 இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதில்லை. அதனால் வலி எதுவும் இல்லாத உறவினர்கள் அவசரமாகப் போய் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளத் தேவையில்லை. அழற்சி மருந்தும் தினசரிப் பயிற்சியும் முதல் கட்டம். போதாதவர்களுக்கு உயிரியல் மருந்துகள் உண்டு. தம்பி இப்போது காலையில் நீந்துகிறான். விறைத்துப்போன இரண்டு முள்ளெலும்புகள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன. அவை இனி அசையாது.

தாள், வரலாறு எதுவும் யோசிக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது உணராமல் போவது, மலக் கட்டுப்பாடு போவது, பிறப்புறுப்பைச் சுற்றி உட்காரும் இடம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலவீனமாவது. தண்டுவடத்தின் அடியில் உள்ள வால்நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று பொருள் கொள்ளலாம். மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோடு வரும் முதுகு வலி, புற்றுநோய் வரலாறு உள்ளவருக்குப் புதிதாக வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றையும் பரம்பரை என்று சொல்லி வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு

என் மகளுக்கு 14 வயது. அவளையும் ஸ்கேன் செய்துவிடலாமா என்று கேட்டேன். தொந்தரவு இல்லாத பிள்ளைக்கு ஸ்கேன் வேண்டாம் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். அதில் ஏதாவது ஒன்று தெரியும், தெரிந்ததை வைத்து அவள் வாழ்நாள் முழுக்கப் பயப்படுவாள். நான் பார்த்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: குனியச் சொல்லிப் பார்த்தால் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா, பின்னால் வளையும்போது கீழ்முதுகு வலிக்கிறதா, இரவில் வலி எழுப்புகிறதா, காலுக்கு வலி இறங்குகிறதா. இவற்றில் ஏதாவது இருந்தால் போக வேண்டும்.

அவளை ஓடவோ விளையாடவோ நான் தடுப்பதில்லை. வேலைப் பளுவின் பங்கு எவ்வளவு சிறியது என்று அந்த இரட்டையர் எண்களைப் பார்த்த பிறகு "குனியாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருக்கிறேன்: புகை வேண்டாம். இரட்டையரில் ஒருவர் புகைப்பவர், மற்றவர் புகைக்காதவர் என்று ஒப்பிட்டதில் புகைத்தவரின் டிஸ்க் தேய்மானம் சராசரியாக 18 சதவீதம் கூடுதல். மரபணு ஒன்றே என்னும்போதும் இந்த வித்தியாசம்.

ஒற்றை மரபணுவால் வரும் நோய் உங்கள் தாளில் தெரிந்தால் மட்டும் மரபியல் ஆலோசகரிடம் போங்கள். பரிசோதனையை முதலில் நோய் உறுதியான ஆளிடமிருந்து தொடங்குவார்கள். அவரிடம் என்ன மாற்றம் என்று கண்ட பிறகு மற்றவர்களிடம் அதை மட்டும் தேடுவது எளிது.

கடைசியாக, தாளைப் பற்றி. மேலே தேதி போடுங்கள். உறவினர் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிய வரியை வாசித்துக் காட்டி, மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று கேளுங்கள். அத்தை சம்மதித்தார். ஒரு பெரியப்பா மறுத்துவிட்டார், அவருடைய சதுரம் காலியாகவே இருக்கிறது. எங்கள் வீட்டில் ஐந்து பிரதிகள் எடுத்து ஐந்து குடும்பத்துக்கும் கொடுத்தேன். இந்த வருடம் தம்பியின் பிரதியில் ஒரு புது வட்டம் சேர்ந்திருக்கிறது, அவனுடைய மகள். கீழே வயதுக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.